ஒன்பதாம் நாளில் அழாதவள்

கடைசியாக எப்போது அசைந்தது என்பதுதான் கேள்வி. அதை விட்டுவிட்டு உலகத்தில் உள்ள மற்ற எல்லாவற்றையும் கோமதி யோசித்துக்கொண்டிருந்தாள். கூடத்துத் தரையில் சுவரோடு முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, வயிற்றின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிர்ச் சுவரில் ஒரு பல்லி. சங்கரன்கோவிலில் அம்மாவாக இருந்தால் அது எந்தத் திசையில் கத்தியது என்று பார்த்துப் பலன் சொல்லியிருப்பாள். இது நெகேவ் பாலைவனத்துப் பல்லி, யூத வீட்டுப் பல்லி, இதற்குப் பலன் கிடையாது என்று சொல்லிக்கொண்டாள், சொல்லிவிட்டு அது கத்திவிடக் கூடாதே என்றும் வேண்டிக்கொண்டாள். விடியற்காலையில் புரண்டு படுத்தபோது விலாவுக்குக் கீழே ஏதோ நகர்ந்தது. அது பிள்ளையா, வாயுவா? நேற்று அஸ்தமனத்திலிருந்து சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாத வயிற்றில் எத்தனையோ ஓடும், உருளும், எல்லாவற்றையும் பிள்ளை என்று கணக்கு வைத்துக்கொள்ள முடியுமா? நேற்று ராத்திரி ஜெபக்கூடத்தில் அசைந்தது, அது நிச்சயம், நன்றாக ஒரு உதை. அப்படியானால் ராத்திரியிலிருந்து. இல்லை, விடியற்காலையிலிருந்து. விடியற்காலை என்றே வைத்துக்கொள்வோம், அதில் பயம் கொஞ்சம் கம்மி. பயத்தில் வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்பார்களே, இவள் வயிற்றில் அதற்கு இடம் இல்லை, எட்டாம் மாதம் நடக்கிறது, அங்கே இருக்கிறவர் இடம் முழுவதையும் அடைத்துக்கொண்டுதான் இருக்கிறார், ஆனால் காலையிலிருந்து ஆள் இருக்கிற சத்தமே இல்லை. எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது என்று ஊரில் யாரோ சொன்னது ஏன் இப்போது ஞாபகம் வர வேண்டும்? யார் சொன்னது என்பதுகூட மறந்துவிட்டது, சொன்னது மட்டும் மறக்கவில்லை.

எதிரே பாயில் மாமியார் சிப்போரா கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். தூக்கம் இல்லை, உதடு அசைந்துகொண்டிருந்தது. கூப்பிட்டால் உடனே எழுந்துவிடுவாள். கூப்பிடுவது எப்படி? இன்று ஆவ் மாதம் ஒன்பதாம் நாள், யூதர்களின் ஆவ், நம்முடைய ஆடி வாக்கில் வருவது, எருசலேம் கோவில் இரண்டு முறை எரிந்ததற்குத் துக்கம் காக்கிற நாள். இன்று யாரும் யாருக்கும் வணக்கம் சொல்லக் கூடாது, நலம் விசாரிக்கக் கூடாது. இழவு வீட்டுக்குப் போனால் வா என்று கூப்பிடமாட்டார்கள், கிளம்பும்போது போய்வருகிறேன் என்று சொல்லமாட்டார்கள் அல்லவா, அதே கணக்குத்தான், இதை அவளுக்கு ஒருவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. உலகத்திலுள்ள யூதர் எல்லோரும் இன்றைக்கு ஒரே இழவு வீட்டுக்காரர்கள். குளியல் இல்லை, தோல் செருப்பு இல்லை, உச்சி திரும்பும் வரை நாற்காலியில் உட்காரக் கூடாது. அதனால்தான் கூடத்து நாற்காலிகள் எல்லாம் சுவரோரம் ஒதுங்கி நின்றன. மற்ற நாளாக இருந்தால் மாமியார் காலையிலேயே வந்து, "உறங்கியோ மோளே? தின்னியோ? உள்ளே உள்ள ஆளுக்குச் சுகமா?" என்று அவளுடைய கொச்சி மலையாளமும் மருமகளுக்காகச் சேர்த்துக்கொண்ட தமிழும் கலந்து துளைத்தெடுத்துவிடுவாள். தினமும் இந்த விசாரணை கோமதிக்கு எரிச்சல். இன்று அதே விசாரணைக்கு ஏங்கிக் கிடக்கிறாள். கேட்டால் சொல்லிவிடலாம். கேட்காதவளிடம் போய், பிள்ளை அசையவில்லை என்று எப்படித் தொடங்குவது? அதுவும் இந்த நாளில். சொன்னால் வாய் வைத்ததாகிவிடாதா? இந்த நாள் தீனி போதவில்லை என்று காத்துக்கொண்டு நிற்கிறது, பாபிலோன்காரன் எரித்தது இந்த நாளில், ரோமாபுரிக்காரன் எரித்தது இந்த நாளில், ஸ்பெயின் ராஜா துரத்தியது இதை ஒட்டி, கொச்சியில் போர்த்துகீசியர்கள் ஜெபக்கூடத்தைக் கொளுத்தியதையும் நாள் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் மாமியார் இதிலேயே சேர்த்துக்கொள்வாள். சேர்த்துக்கொள்கிற நாள். கெட்டது எங்கே நடந்தாலும் இங்கே வந்து உட்கார்ந்துகொள்கிற நாள். அதற்கு முன்னால் வாயைத் திறக்காமல் இருப்பதே புத்தி.

யூதச்சியாகவே பிறந்தவளாக இருந்தால் இவ்வளவு குழம்பியிருக்கமாட்டாள். அவர்கள் எதை விடலாம், எதை விடக் கூடாது என்று பால் குடிக்கும்போதே தெரிந்துகொள்கிறார்கள். கோமதி கொச்சியில் பல் கட்டுகிற கூடத்தில் வேலை பார்த்தவள், பொய்ப்பல் செய்வாள். தன் அப்பா பிறந்த தெருவைப் பார்க்க இங்கிருந்து வந்த எஃப்ராயிம், நேந்திரங்காய் சிப்ஸைக் கடித்து முன்பல்லை உடைத்துக்கொண்டு வந்தான். மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்குவார்கள், எங்க வீட்டுக் கழுதை மாப்பிள்ளையையே அப்படிப் பிடித்துவிட்டது என்று அம்மா இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள், சிரித்துவிட்டு அழுவாள். மதம் மாறும்போது மூன்று தாடிக்காரர்கள் உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள். இந்த ஜனம் அடிபட்ட ஜனம், துரத்தப்பட்ட ஜனம், இது தெரிந்துதான் வருகிறாயா என்று ஒருவர் கேட்டார். தெரியும் என்றாள். என்ன தெரிந்தது அவளுக்கு? எஃப்ராயிமின் பல் வரிசை தெரிந்தது. தண்ணீரில் முழுகி எழுந்தபோது ரூத் என்று பெயர் வைத்தார்கள். வீட்டில் எல்லோரும் ரூத் என்று கூப்பிட, உள்ளுக்குள் இருந்து திரும்பிப் பார்ப்பது இன்னும் கோமதிதான். புதுத் துடைப்பம் நன்றாகப் பெருக்கும் என்பது அவள் விஷயத்தில் சத்தியம். எஃப்ராயிம் மறந்துபோகிற ஆசீர்வாதத்தை அவள் சொல்லுவாள். எதிர்வீட்டு லேயா வெள்ளிக்கிழமை விளக்கைத் தாமதமாக ஏற்றினால் இவளுக்குப் படபடக்கும். விரதம் என்றால் விரதம். வாயும் வயிறுமாக இருக்கிறவள் இருக்கலாமா என்று யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்டால், ஓ, இவள் தப்பிக்க வழி பார்க்கிறாள், என்ன இருந்தாலும் வெளியிலிருந்து வந்தவள் என்று நினைத்துவிட்டால்? ஒருவரும் அப்படி நினைத்ததில்லை. நினைத்ததாக இவள் நினைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

நேற்று சாயங்காலம் விரதம் தொடங்குவதற்கு முன்னால், எல்லோரும் தரையில் தனித்தனியாக உட்கார்ந்து, அவித்த முட்டையைச் சாம்பலில் தொட்டுச் சாப்பிட்டார்கள். சாம்பல் நாக்கில் பட்டதும் கோமதிக்கு வாயில் ஊறியது புற்று மண். கோமதி அம்மன் சந்நிதிக்குப் பக்கத்தில் தருகிற புற்று மண், நெற்றியில் பூசி மிச்சத்தை வாயில் போட்டுக்கொள்வார்கள், எந்த நோய்க்கும் அதுதான் மருந்து. ஊரில் இப்போது ஆடித் தபசுக் கூட்டம். அம்மன் ஒற்றைக் காலில் தவம் நின்ற நாளுக்காகப் பெண்கள் கோவிலைச் சுற்றிக்கொண்டிருப்பார்கள், ஆடிச் சுற்று, சுற்றிச் சுற்றிக் கால் வீங்கிப்போகும். அவள் பெயரே அந்த அம்மன் பெயர்தான். அதை நினைக்கக் கூடாது, இன்றைக்கு நினைக்கவே கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். நினைத்ததற்குத் தண்டனையா? விட்டுவிட்டு வந்த தெய்வம் கோபமா, வந்து சேர்ந்த தெய்வம் கோபமா? இரண்டு பேரும் பேசி முடிவெடுத்துவிட்டார்களா? ராத்திரி ஜெபக்கூடத்தில் வேதச் சுருள் வைக்கிற பெட்டகத்துத் திரையைக் கழற்றியிருந்தார்கள், விளக்கைக் குறைத்திருந்தார்கள், ஆண்களும் பெண்களும் தரையில் உட்கார்ந்து எரிந்த நகரத்துக்காக ஒப்பாரி படித்தார்கள். ஒப்பாரி அவளுக்குப் புதிதா? மொழிதான் புரியவில்லை, இழுப்பு புரிந்தது. ஆனால் நடுவில் ஒரு இடம் வரும், முற்றுகையில் பட்டினி தாங்காத தாய்மார்கள் பெற்ற பிள்ளைகளை என்ன செய்தார்கள் என்று. எஃப்ராயிம் போன வருடம் அதற்கு அர்த்தம் சொல்லிக்கொடுத்துத் தொலைத்தான். நேற்று அந்த இடம் நெருங்க நெருங்க அவள் முந்தானை இல்லாத உடம்பில் முந்தானையைத் தேடி, கடைசியில் தலைத்துணியை இழுத்து வயிற்றின் மேல் போட்டு மூடினாள், உள்ளே இருக்கிறவனுக்குக் கேட்கக் கூடாது என்று. அப்போதுதான் உதைத்தான். நன்றாக, பலமாக. கேட்டுவிட்டானோ? கேட்டுப் பயந்துவிட்டானோ? பட்டினி என்றால் அம்மாக்கள் அப்படிச் செய்வார்களா என்று கேட்டு, பட்டினி கிடக்கிற இவளுக்குள் இருக்கிறவன் அடங்கிப்போய்விட்டானோ? பைத்தியக்காரத்தனம் என்று தெரிகிறது. தெரிந்தும் என்ன, அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

அழுகை தொண்டை வரை வந்தது. வந்ததை விழுங்கினாள். எச்சில்கூட இல்லாத வாயில் விழுங்குவது சிரமம்தான், ஆனாலும் விழுங்கியாக வேண்டும், அழக் கூடாது, மற்றவர்கள் அழலாம், இந்த நாளே அழுவதற்கான நாள், இவள் மட்டும் அழக் கூடாது. ஏனென்றால் இந்த நாள் தொடங்கியதே அழுகையால். கோவில் எரிவதற்கெல்லாம் ரொம்ப முன்னால், எகிப்தை விட்டு வந்த ஜனங்கள் பாலைவனத்தில், அநேகமாக இதே மாதிரி ஒரு வெயிலில், கூடாரம் போட்டிருந்தபோது, வாக்குக் கொடுத்த தேசத்தைப் பார்த்துவர ஒற்றர்களை அனுப்பினார்கள். ஒற்றர்கள் ஒரு திராட்சைக் குலையைக் கழியில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்து, அங்கே இருக்கிறவர்கள் ராட்சதர்கள், நாம் வெட்டுக்கிளி மாதிரி, போனால் பிழைக்கமாட்டோம் என்றார்கள். அன்று இரவு கூடாரம் கூடாரமாக உட்கார்ந்து ஜனம் முழுவதும் அழுதது. கடவுளுக்குக் கோபம் வந்தது. ஒன்றுமே நடக்காமல் வெறுமனே அழுதீர்கள் அல்லவா, இருங்கள், இதே நாளில் தலைமுறை தலைமுறையாக அழுவதற்குக் காரணம் தருகிறேன் என்றார். இதை எஃப்ராயிம் சொன்னபோது, தண்ணீரில் முழுகிய பிறகு முதல் தடவையாக, கோமதிக்கு உடம்பு சில்லிட்டது. இந்தக் கடவுளை அவளுக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. ஏனென்றால் அவளுக்கு அது நடந்திருக்கிறது. போன வருடம் மூன்றாம் மாதத்தில் போனதே ஒன்று, அது போவதற்கு முந்தின வாரம் அவள் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதாள். ரத்தம் இல்லை, வலி இல்லை, ஒன்றும் இல்லை. சும்மா பயம், தூர தேசத்தில் தனியாகப் பெற வேண்டுமே என்று பயம், அதற்கு ஒரு மூச்சு அழுகை. அடுத்த வாரம் காரணம் வந்து சேர்ந்தது. டாக்டர் ஆயிரம் சொன்னார், இதெல்லாம் சகஜம், யார் மேலும் தப்பில்லை என்று. அவருக்குக் குளியலறை விஷயம் தெரியாது. யாரிடமும் அவள் சொல்லவில்லை. எஃப்ராயிமிடம் சொல்லவில்லை. வெறுமனே அழுதால் காரணம் வரும். அதனால் அழாதே கோமதி, ஒன்றும் நடக்கவில்லை, பிள்ளை தூங்குகிறான், பிள்ளைகள் தூங்கும், கண்ணைத் துடைத்துக்கொள், துடைக்க ஒன்றும் வரவில்லை, நல்லது, அப்படியே இரு.

இதைச் சரிபார்க்க வழி இருந்தது, அதுதான் கொடுமை. மருத்துவ நிலையத்து நர்ஸ் போன மாதமே சொல்லிக்கொடுத்திருக்கிறாள், அசைவு குறைந்தால் இனிப்பாக ஏதாவது குடித்துவிட்டு இடது பக்கம் ஒருக்களித்துப் படு, அசையும், அசையாவிட்டால் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் வந்துவிடு. சமையலறைக் குளிர்பெட்டியில் திராட்சை ரசம் இருக்கிறது. எழுந்து போய்க் குடிக்க எவ்வளவு நேரம்? குடித்தால் விரதம் போகும். விரதம் போனால் போகட்டும் என்று அவளுக்கு எப்போதோ தோன்றிவிட்டது, அந்த அளவுக்கு அவள் முட்டாள் இல்லை. அவளை எழவிடாமல் பிடித்து வைத்திருந்தது விரதம் இல்லை. குடிக்காதவரை, பட்டினியால் பிள்ளை சோர்ந்து கிடக்கிறான் என்று சொல்லிக்கொள்ளலாம். குடித்து, இடது பக்கம் படுத்து, அதற்கும் அசையாவிட்டால்? அப்புறம் சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது? பசி இருக்கிறவரைக்கும் ஒரு காரணம் கையில் இருக்கிறது. துக்க நாளின் விரதத்துக்குள் புகுந்து அவள் ஒளிந்துகொண்டிருந்தாள், பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடும் என்கிற மாதிரி. பக்தி என்று வெளியில் பெயர். பயம், வெறும் பயம். இந்த நாறப் பயத்துக்காகப் பிள்ளையைப் பலி கொடுக்கிறேனா என்று கேட்டுக்கொண்டாள், கேட்டதும் எழுந்திருக்கக் கை ஊன்றினாள், இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம் என்று மறுபடி சாய்ந்தாள். நேற்று அம்மா போனில் கேட்டது காதுக்குள் ஓடியது. "ஏட்டி, நெசமாச் சொல்லு, நீயும் பட்டினி கெடக்கப் போறியா? வாயும் வயிறுமா இருக்கவ வெறும் வயித்தோட கெடப்பாளாட்டீ? நீ சாமி கும்புடு, எந்தச் சாமிய வேணும்னாலும் கும்புடு, அந்தப் பச்ச மண்ண ஏன்ட்டி பட்டினி போடுத?" இல்லம்மா, நான் சாப்பிடுவேன், எனக்கு விலக்கு உண்டு என்று பொய் சொன்னாள். பொய் என்றுதான் நினைத்தாள். அதுதான் நிஜம் என்று அவளுக்கே தெரியாது. சமையலறை மேசையில் காலையிலிருந்து ஒரு தட்டு மூடி வைத்திருக்கிறது, மேலே வெள்ளைத் துணி. ரொட்டி வாசனை வந்தது. விரத நாளில் இதை எதற்கு இங்கே வைத்தாள் மாமியார்? சோதிக்கத்தான். துணி கசங்குகிறதா என்று பார்க்கத்தான். தண்ணீரில் முழுகியது உள்ளே இறங்கியதா, மேலோடு போயிற்றா என்று பார்க்கத்தான். விடியற்காலையில் அந்தத் துணியைப் பார்த்துவிட்டு அவள் நிமிர்ந்து, ஏதோ ஜெயித்த மாதிரி வெளியே வந்தாள். அப்போது பிள்ளை அசைந்தது. இல்லை, அதற்கு முன்னால். இல்லை, அப்போதா? தட்டைப் பார்த்தபோதா, புரண்டு படுத்தபோதா? மறுபடி முதலிலிருந்து. கோவிலைச் சுற்றுகிறவளுக்காவது கடைசியில் ஒரு வாசல் வரும்.

உச்சி திரும்பியது. மாமியார் எழுந்து உட்கார்ந்தாள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள், மூலையிலிருந்து துடைப்பத்தை எடுத்தாள். உச்சி வரைக்கும் துக்கம், உச்சிக்குப் பிறகு வீட்டைப் பெருக்குவது அவர்கள் வழக்கம். இரட்சகன் இந்த நாளில்தான் பிறப்பான் என்று ஒரு நம்பிக்கை, அவன் வந்தால் குப்பையில் கால் வைக்கலாமா என்று பெண்கள் இந்த நேரத்தில் துடைப்பத்தை எடுத்துவிடுவார்கள். எத்தனையோ தலைமுறையாகப் பெருக்குகிறார்கள், அவன் வரவில்லை, வீடாவது சுத்தமாகிறது. சமையலறைப் பக்கம் துடைப்பத்தின் சத்தம் கேட்டது. சரக், சரக். பிறகு சத்தம் நின்றது. மேசையைத் துடைப்பதற்காகத் தட்டைத் தூக்கியிருக்கிறாள். கனம் கையில் தெரிந்திருக்கிறது. துடைப்பம் கீழே விழுந்தது, மாமியார் கதவருகே வந்து நின்றாள், கையில் தட்டு, துணி விலகியிருந்தது, ரொட்டியும் தயிரும் முட்டையும் வைத்தது வைத்தபடி.

"ரூத். இதென்ன மோளே, நீ தின்னலையா?"

"விரதம் அம்மா" என்றாள். குரல் காற்றாக வந்தது.

"வேற ஏதாவது? சாயா? வெள்ளம்?"

தலையை ஆட்டினாள். மாமியாரின் முகத்தில் நிறம் போனதைப் பார்த்ததும் அவளுக்குள் கட்டி வைத்தது ஒரு பக்கம் சரிந்தது. "எங்க வீட்டுல வயித்துப் புள்ளக்காரி யாரும் இன்னிக்கு விரதம் இருக்கமாட்டாங்க, டாக்டர் வேண்டான்னா வேண்டாம், நான் ஜெபக்கூடத்து ரப்பிகிட்ட எப்பவோ கேட்டாச்சு. ஆனா அவ தின்னுறத மத்தவங்க பார்க்கக் கூடாது, அவளுக்கு நாணமா இருக்கும். அதனாலல்லோ தட்டை மூடி வெச்சேன். மூடின தட்டை நான் திறந்து பார்ப்பேனா? நீ தின்னிருப்பேன்னு..." என்று படபடவென்று சொல்லிக்கொண்டே போனவள் பாதியில் நின்றாள். மருமகளின் கைகள் இருந்த இடத்தைப் பார்த்தாள். பெற்றவள் அல்லவா, அதற்கு மேல் வார்த்தை தேவைப்படவில்லை. ஆனாலும் கோமதி சொன்னாள், எல்லாப் பூட்டும் உடைந்து, தமிழிலேயே சொன்னாள். "அம்மா, காலையிலேருந்து பிள்ள அசையல."

தட்டு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. திராட்சை ரசம் உதட்டில் இடித்தது, குளிர்ந்தது, தித்திப்பு பல்லில் கூசியது, மோவாயில் வழிந்தது. குடி, குடி, இன்னும் குடி. ஒரு கை அவளைத் தரையிலேயே இடது பக்கம் சாய்த்துப் படுக்க வைத்தது, தலைக்குக் கீழே ஒரு துணி மூட்டை. மாமியார் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள், ஒரு கை கோமதியின் வயிற்றில், ஒரு கை போனில், எஃப்ராயிமுக்கு அடித்தாள், அவன் ஜெபக்கூடத்தில் போனை அணைத்து வைத்திருந்தான், மருத்துவ நிலையத்துக்கு அடித்தாள், எபிரேயத்தில் கத்தினாள், வந்துவிடுங்கள் என்றார்கள். "கார் வரட்டும், லேயாவைக் கூப்பிட்டிருக்கேன், அதுவரை இப்படியே கிட, அனங்காதே." அசையாமல் கிடந்தாள். காதில் அவள் ரத்தமே இடித்துக்கொண்டிருந்தது. இனி ஒளிந்துகொள்ள இடம் இல்லை, குடித்தாகிவிட்டது, இடது பக்கமும் படுத்தாகிவிட்டது, இனி வரவேண்டியது வரும், வராமல் போனாலும் போகும். தரைக் கல்லில் மாமியாரின் துடைப்பம் விட்டுப்போன தூசிக்கோடு கண்ணுக்கு மிக அருகே தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு, யாரிடம் என்று தெரியாமல் வாதாடினாள். வெறுமனே அழுதார்கள் என்கிறாயே, அன்றைக்கு அந்தக் கூடாரங்களில் அழுதது யார்? என் பிள்ளைகள் என்ன ஆவார்கள், எங்கள் குழந்தைகளைக் கொள்ளைபோகக் கொடுக்கவா இவ்வளவு தூரம் நடந்தோம் என்றுதானே அழுதார்கள்? அதில் எத்தனை பேர் இப்படி வாயும் வயிறுமாக, கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, அசைகிறதா அசைகிறதா என்று பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்கள்? ராட்சதன் இருக்கிறான் என்று சொன்னால் அவள் அழாமல் என்ன செய்வாள்? அது வெறும் அழுகையா? நீ பெற்றதில்லை, உனக்கென்ன தெரியும். சொல்லிவிட்டுப் பயந்தாள். இதற்கு என்ன தண்டனையோ. ஆனால் சொன்னது சொன்னதுதான், திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. போன வருடம் நான் அழுததும் வெறும் அழுகை இல்லை, கேட்டுக்கொள். ஒரு பிள்ளைக்காகப் பயந்தேன், அழுதேன். பிள்ளைக்காகப் பயப்படுவது பாவம் என்றால் என்னை எதற்குப் பெண்ணாகப் படைத்தாய்?

அப்போது மாமியாரின் உள்ளங்கைக்குக் கீழே ஒரு புடைப்பு எழும்பியது. மெதுவாக, சோம்பலாக, தூங்கி எழுந்தவன் முழங்கையை நீட்டுகிற மாதிரி எழும்பி, ஒரு பக்கமிருந்து மறுபக்கம் நகர்ந்தது. கோமதி மூச்சு விடவில்லை. வாயு இல்லை. வாயு இப்படிப் போகாது. மறுபடி. இந்த முறை உதை, விலாவில், வலிக்கிற மாதிரி. "உண்டு" என்றாள் மாமியார். "உண்டு, உண்டு, உண்டு, என் தம்புரானே, உண்டு" என்று சொல்லிக்கொண்டே குனிந்து கோமதியின் தோளில் முகத்தை வைத்து அழத் தொடங்கினாள். அதற்கப்புறம் கோமதியைப் பிடிக்க ஆள் இல்லை. காலையிலிருந்து விழுங்கினது, போன வருடத்திலிருந்து விழுங்கினது, விமானம் ஏறிய நாளிலிருந்து விழுங்கினது எல்லாம் ஒன்றாகக் கிளம்பி வந்தது. சங்கரன்கோவில் பெண் எப்படி அழுவாளோ அப்படி அழுதாள், வாயை முழுதாகத் திறந்து, மார்பில் அடித்துக்கொண்டு, ஊர் கேட்க. உள்ளே அவன் மறுபடி உதைத்தான். அவள் இன்னும் சத்தமாக அழுதாள். பயம் போய்விட்டதா என்றால் போகவில்லை, அது போகாது என்பது இப்போது தெரிந்துவிட்டது, பிறந்த பிறகும் போகாது, பள்ளிக்கூடம் போனாலும் போகாது, பட்டாளத்துக்குப் போகிற வயசில் இன்னும் பெரிதாக இருக்கும். அதற்கும் சேர்த்து இப்போதே அழுதாள்.

ஜெபக்கூடத்திலிருந்து திரும்பிய எஃப்ராயிம் வாசலில் வந்து நின்றான். கூடவே பக்கத்து வீட்டுக் கிழவர் எஸ்ரா, கான்வாஸ் செருப்போடு, காலையெல்லாம் ஒப்பாரி படித்துத் தொண்டை கட்டிப்போனவர். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்குக் கூடம் இருட்டாகத் தெரிந்தது, தரையில் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு கதறுவது மட்டும் தெரிந்தது. எஃப்ராயிம் ஓடிவரக் காலெடுத்தான். எஸ்ரா அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். இந்த நாளில் அழுகிறவரை இடைமறிக்கக் கூடாது. அவருடைய கண் கலங்கியிருந்தது. "நான் எத்தனை வருஷமா இந்த நாளுக்குப் படிச்சிட்டு வர்றேன்" என்றார் எபிரேயத்தில், மெதுவாக. "எருசலேமுக்காக ஒருத்தர் இப்படி அழுது நான் பார்த்ததில்ல. உன் பொண்டாட்டியைப் பாரு. நமக்கெல்லாம் வெட்கமா இருக்கணும்." மாமியார் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள், கோமதியின் வயிற்றில் வைத்த கையை எடுக்காமலே மறுபடி அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். எஸ்ரா வாசற்படியிலேயே தரையில் உட்கார்ந்து, கையால் முகத்தை மூடிக்கொண்டு, அவரும் அழுதார்.